கல்லீரலைக் கெடுக்கும் கிருமியும் நமது கடமையும்



மஞ்சட்காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பது நம் பாட்டன்மார் காலத்துப் பழக்கம். ஆனால் காமாலைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் 'ஹெபடைடிஸ் பி' என்னும் கிருமியைப் பற்றி நாம் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். 2022-ம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 25 கோடிப் பேருக்கு மேல் இதைச் சுமக்கிறார்கள். பலருக்கு எந்த அடையாளமும் தெரிவதில்லை. கண் மஞ்சளாகாமலேயே இது கல்லீரலைச் சுருக்கிவிடும். சிலரைப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும்.

இது பரவுவது எப்படி? ரத்தத்தினாலும், உடலுறவினாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். உடலுக்கு வெளியே 7 நாள் வரையிலும் இக்கிருமி சாகாதிருக்கும். எனவே நாவிதர் கடையிலும், சுன்னத் செய்யும் இடத்திலும், ஹஜ்ஜில் முடி மழிக்கும்போதும் புதுப் பிளேடு கேட்டு வாங்குவோமாக.

ஒரே தஹனில் சாப்பிடுவதாலோ, முஸாபஹா செய்வதாலோ இது தொற்றாது. ஆகவே இக்கிருமி உள்ள சிப்பந்தியை வேலையை விட்டு நீக்குவதும், அவர் குடித்த கோப்பையை ஒதுக்கி வைப்பதும் அறியாமை மட்டுமல்ல, அநீதியுமாகும்.

கீழாநெல்லி கேட்குமா? சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் குழுவினர், இக்கிருமியைக் கண்டறிந்த புளும்பர்க்குடன் சேர்ந்து 1988-ல் 'லான்செட்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் நீங்கியதாக அது கூறிற்று. பின்னர் பிற நாடுகளில் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் என்னும் மாத்திரைகள் கிருமியை அடக்கி வைக்கின்றன. எல்லோருக்கும் இவை தேவைப்படா. ஆனால் எல்லோரும் டாக்டர் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். தொடங்கிய மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

வருமுன் காப்பதற்குத் தடுப்பூசி உண்டு. பச்சிளங் குழந்தைக்கு இக்கிருமி தொற்றினால் பத்தில் ஒன்பது பங்கு அது நிலைத்துவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நாம் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறோம். பைராம் தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் கடை வைத்திருக்கும் நாம், நம் சிப்பந்திகளையும் அழைத்துச் சென்று ஒரு முறை ரத்தம் பரிசோதிப்போம். கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால், வழக்கமாக 6 மாதத்தில் 3 ஊசி போட்டுக்கொண்டால் போதும்.

ஆண்டுதோறும் சரக்கை எண்ணி இருப்பெடுக்கும் நாம், உடம்பின் கணக்கையும் ஒரு முறை பார்த்துவிடுவோமாக!