பேறுகாலப் பணிவிடையும் நம் இல்லத்து நெறிகளும்

ஆதிநாத பகவானைக் கருவுற்றிருந்த மருதேவி அன்னைக்கு ஸ்ரீ, ஹ்ரீ, திருதி, கீர்த்தி, புத்தி, லட்சுமி ஆகிய தேவியர் பணிவிடை புரிந்தனர் என்று புராணம் கூறும். அவர்கள் அன்னையை அலங்கரித்ததோடு நின்றுவிடவில்லை. விடுகதைகள் தொடுத்து அன்னையை விடை கூறச் செய்து மகிழ்வித்தனர். கர்ப்பக் கல்யாணத்தைக் கேட்கும் நாம் இரத்தின மழையை நினைவில் கொள்கிறோம். அன்னையைப் பேசவைத்த அப்பணிவிடையை மறந்துவிடுகிறோம். இன்று நம் இல்லங்களில் கர்ப்பிணியைச் சுற்றி எல்லோரும் பேசுகின்றனர்; அவள் ஒருத்தி மட்டும் பேசுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். வடசென்னை அனல்மின் நிலையம் அமைந்துள்ள அத்திப்பட்டில் நம்மவர் குடும்பம் ஒன்று வசிக்கிறது. பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். மருமகளுக்கு முதல் கர்ப்பம். மாதப் பரிசோதனைக்கு மாமியார் உடன் செல்கிறார். "என்னம்மா சாப்பிடுகிறாய்?" என்று செவிலியர் கேட்கிறார். மருமகள் வாய் திறக்குமுன், "எல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாள், சிஸ்டர்" என்கிறார் மாமியார். "தினம் ஒரு முட்டை கொடுங்கள்" என்று கூறிவிட்டுச் செவிலியர் அடுத்தவரை அழைக்கிறார்.

இதில் எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் அப்பெண் மாலை ஆறு மணிக்குப் பின் எதுவும் உண்பதில்லை என்பதும், காலையில் மயக்கம் வருகிறது என்பதும், இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுவதால் அதை நிறுத்திப் பத்து நாட்கள் ஆகின்றன என்பதும் அவ்வறையில் வெளிவரவேயில்லை. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை எனக் கணக்கிடுகின்றனர். 7 கிராமுக்குக் கீழே சென்றுவிட்டால், பிரசவத்தின்போது ஏற்படும் இரத்த இழப்பை அவளது உடல் தாங்குவது அரிது.

நோயாளியின் பண்பாட்டை அறிந்து பணிபுரிவதைச் செவிலியர் கல்வியில் ஒரு தனித் துறையாக வளர்த்தவர் அமெரிக்கச் செவிலியரான மேடலின் லைனிங்கர். குடும்ப வழக்கங்களில் நன்மை தருவதைப் பேணுதல், இடையூறாவதைப் பேசி இசைவித்தல், தீங்கானதை மாற்றியமைத்தல் என மூன்று வழிகளை அவர் வகுத்தார். பெயர் புதிதாக இருக்கலாம். நம் நகருக்குச் செயல் புதிதன்று. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்கள் சிகிச்சையின்றி வருந்துவதைக் கண்ட மேரி ஷார்லிப் அம்மையார், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின் இலண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவரது முயற்சியால் 1885-இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கப்பெற்று, 1890-இல் சேப்பாக்கத்துக்கு மாறியதே கோஷா ஆஸ்பத்திரி. இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. அங்கே வழக்கத்தைக் கைவிடும்படி பெண்களிடம் கூறவில்லை. மருத்துவமனையே அவர்களுக்கேற்ப அமைந்தது.

கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனையும் இவ்வகையினதே. வெறும் வயிற்றுடன் வருமாறு கூறினால் பலர் திரும்பி வருவதில்லை. ஆகவே, உணவு உண்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் அருந்தச் செய்து, இரண்டு மணி நேரங்கழித்துப் பார்க்கும் முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷையா முதலானோர் பரப்பினர்.

இனி நம் நெறிகளுக்கு வருவோம். தேனை விலக்குதல் நமக்கு அறம்; ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பது மருத்துவம். இங்கே இரண்டும் ஒன்றே. ஆனால் தேனுக்குப் பதிலாகச் சர்க்கரைத் தண்ணீரைச் 'சேனை' என்று நாவில் வைப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் நெறியல்ல, வெறும் பழக்கம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதும் அவ்வாறே விலக்கத்தக்கது. நன்கு வடிகட்டிக் காய்ச்சிய நீரைத் தாராளமாகத் தரலாம். பத்தியத்தில் பூண்டு இல்லையே என்று கவலைப்படுவோர் உண்டு. பூண்டில்லாமலே நம் பாட்டிமார் பல தலைமுறைகளை வளர்த்தனர். பருப்பு, கீரை, எள், பால், தயிர் ஆகியன போதிய அளவு வேண்டும்; உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு ஏறும்; உணவோடு காப்பியும் தேநீரும் அதைத் தடுக்கும். முட்டையும் புலாலும் கொள்ளாத நமக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு. அதைச் சோதிக்கலாமா என்று நாமே மருத்துவரிடம் கேட்பது நன்று. சில மருந்துக் கூடுகள் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை என்பதற்காக, எவரிடமும் கூறாமல் மருந்தை எறிந்துவிடலாகாது. மாத்திரை வடிவில் கிடைக்குமா என்று வினவினால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

கடினமானது இரவு உண்ணாமையே. உடல்நிலை சீராக உள்ள கர்ப்பிணிக்குப் பகலில் ஐந்தாறு வேளையாக உணவைப் பிரித்து, அஸ்தமனத்துக்கு முன் நிறைவாக உண்ணச் செய்து, விடிந்ததும் முதலில் அவளுக்கே உணவளித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மாலையில் இன்சுலின் போட்டுக்கொள்பவளின் நிலை வேறு. ஊசி போட்டபின் உண்ணாதிருந்தால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அவள் தன் உணவு நேரத்தை முன்னதாகவே மருத்துவரிடம் கூறினால்தான் ஊசியின் நேரத்தையும் அளவையும் அதற்கேற்ப அமைக்க இயலும். அவ்வாறு இயலாதபோதும், இரவில் பிரசவ வலி கண்டு களைத்திருக்கும்போதும் நீரும் ஆகாரமும் கொள்வதைக் குற்றமாகக் கருதலாமா? தீர்த்தங்கர நாமகர்மத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் 'சக்திக்கேற்ப' என்றே வகுக்கப்பட்டுள்ளன. அந்தச் சக்தியை அளந்தறியக் கூடியவள் அவளே. மாமியார் ஏற்ற விரதத்தை மருமகளின் வயிற்றில் ஏற்றுதல் அகிம்சையாகாது என்பது எம் கருத்து.

மாமியாரைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. தமிழக அரசு 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும், தாய் தானே தேர்ந்தெடுக்கும் துணையை வலியுறுத்தியது. 'தானே தேர்ந்தெடுக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். அத்துணை தாயா, மாமியாரா, அக்காவா என்று இல்லத்தில் முன்னரே அவளிடம் தனித்துக் கேட்டறிய வேண்டும். இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். பேறுகால மருத்துவமனைக்கு விரையும் நள்ளிரவில் அதைத் தீர்மானிக்க முடியாது.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும்போதுதான் பரிசோதனைத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. வளையலும் பட்டும் அடுக்கிய பெட்டியில் பரிசோதனை அட்டை, 'பிக்மி' பதிவெண், எஞ்சிய மாத்திரைகள் ஆகியன இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புக. உடன் ஒரு தாளும் இருக்கட்டும்: தாம் உண்ணாத பொருள்கள், இரவு உணவு முடியும் நேரம், தற்போது கொள்ளும் மருந்துகள், நிறுத்திய மருந்து ஏதேனும் இருந்தால் அதன் காரணம், பிரசவ அறையில் உடனிருக்க வேண்டியவர் பெயர். அத்தாளை அவளே தன் கைப்பட எழுதட்டும். புதிய ஊரின் செவிலியரிடம் அவளே கொடுக்கட்டும்.