எந்த டிஸ்க்கைக் கழற்றுவது?



எங்கள் வீட்டில் முதன்முதலாக டிப்ளமோ படிக்க வந்தவன் நான். அப்பா கொத்தனார். "கம்ப்யூட்டர் படிக்கிறியே, அதுல என்னடா வேலை?" என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் தொழிற்பயிற்சியில்தான் கிடைத்தது.

ரேக் சர்வர் என்பது 19 அங்குலச் சட்டத்தில் படுக்கையாகச் செருகும் கம்ப்யூட்டர். உயரத்தை 'யு' கணக்கில் சொல்வார்கள். 1 யு என்றால் 1.75 அங்குலம். இதற்குப் பெரும்பாலும் மானிட்டர், கீபோர்டு இருக்காது. அப்புறம் எப்படி இயக்குவது?

மதர்போர்டில் பி.எம்.சி. என்ற தனிச் சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. டெல் சர்வரில் இதன் பெயர் ஐடிராக், ஹெச்.பி. சர்வரில் ஐலோ. இதற்குத் தனி ஐ.பி. முகவரி உண்டு. சர்வர் ஆஃப் ஆனாலும் பவர் கேபிளில் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். வேறு ஊரில் உட்கார்ந்து பிரவுசரிலேயே சர்வரை ஆன் செய்யலாம், வெப்பநிலை பார்க்கலாம், பயாஸ் திரையைக்கூடத் திறக்கலாம். இவ்வளவு அதிகாரம் இருப்பதால் முதல் வேலையாகப் பழைய பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். இதை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து விடவே கூடாது.

அடுத்து டிஸ்க். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் 'ரெய்டு' முறையை 1988-ல் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் கட்டுரையாக விளக்கினார்கள். நம்மிடம் 4 டி.பி. டிஸ்க் நான்கு இருந்தால்:

ரெய்டு 0: 16 டி.பி. கிடைக்கும், ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு.
ரெய்டு 5: 12 டி.பி.; ஒன்று போனால் தாங்கும்.
ரெய்டு 6: 8 டி.பி.; எந்த இரண்டு போனாலும் தாங்கும்.
ரெய்டு 10: 8 டி.பி.; ஜோடிக்கு ஒன்று போனால் தாங்கும்.

ரெய்டு 5 எப்படித் தாங்குகிறது? மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 என்று வையுங்கள். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி நான்காவதில் 0 எழுதப்படும். இதுதான் பாரிட்டி. முதல் டிஸ்க் செத்துவிட்டால் மிச்சம் 0, 1, 0. இரட்டைப்படை ஆக வேண்டுமென்றால் போனது 1-தான்!

இனி என் கதை. பயிற்சியின்போது ரெய்டு 5 சர்வர் ஒன்றில் ஒரு டிஸ்க் பழுது. சீனியர் வேறு ஊரில், நான் சர்வர் அறையில் போனும் கையுமாக. "ஸ்லாட் 2-ல இருக்கிறதை எடு தம்பி" என்றார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கை வைத்துவிட்டேன். "இரு, இங்கிருந்தே லைட்டைச் சிமிட்ட வைக்கிறேன்" என்றார். சிமிட்டியது அடுத்த டிஸ்க்! அந்த சர்வரில் ஸ்லாட் எண் 0-விலிருந்து தொடங்குகிறது. சில சர்வர்களில் 1-லிருந்து. நல்ல டிஸ்க்கை உருவியிருந்தால் மொத்தமும் நின்றிருக்கும். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

ஆகவே நண்பர்களே, லைட்டைச் சிமிட்டவைத்து, சீரியல் நம்பரையும் ஒத்துப்பார்த்த பிறகே டிஸ்க்கைத் தொடுங்கள். ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமலும் இருக்காதீர்கள். தவறுதலாக அழித்த ஃபைலை ரெய்டு திருப்பித் தராது.

இதை அப்பாவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "நாங்களும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காம அடுத்த வரி வைக்கமாட்டோம்டா" என்றார். என் படிப்பு அவருக்குப் புரிந்துவிட்டது!