கல்லீரல் கொழுப்பும் இரத்தப் பரிசோதனைச் சீட்டும்

● சீட்டில் காணும் இரு நொதிகளுள் எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலின் நிலையையே உணர்த்துவது, எஸ்.ஜி.ஓ.டி.யோ தசைகளிலும் இருதயத்திலும் உள்ளதாகையால், கடுமையான தேகப்பயிற்சி செய்த மறுநாள் பரிசோதித்தால் அது காரணமின்றி உயர்ந்தது போலத் தோன்றக்கூடும்.

● இவ்விரண்டும் சாதாரண அளவில் இருப்பதைக் கொண்டு, கல்லீரலில் கொழுப்பே இல்லையென்று நிச்சயித்துவிடலாகாது.

● எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைவிட இரு மடங்குக்கு மேற்படின், மதுபானம் காரணமோ என்று வைத்தியர் சந்தேகிப்பது வழக்கம்.

● வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, அத்தொகையை, ஆயிரக்கணக்கில் கொண்ட பிளேட்லெட் எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் கிடைப்பது, கல்லீரலில் தழும்பு உண்டோ என்று கணிக்க உதவும் ஃபிப்-4 என்னும் எண்.

● உதாரணமாக, வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 40, பிளேட்லெட் 2.5 லட்சம் (அதாவது 250 ஆயிரம்), எஸ்.ஜி.பி.டி. 64 எனில் விடை 1.

● 65 வயதுக்கு உட்பட்டோர்க்கு இவ்வெண் 1.3க்குக் கீழிருந்தால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருத்தல் அரிது; 2.67ஐத் தாண்டினால் நிபுணரைத் தாமதமின்றிக் காண்பதே உசிதம்.