ராக் அண்ட் ரோல் இசையின் தோற்றமும் தமிழ்த் திரையிசையில் அதன் வருகையும்

முன்னுரை

பிறமொழிச் சொல் தமிழுக்குள் வருங்கால் எவ்வாறு வருதல் வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியர் எச்சவியலில் நெறி வகுத்துள்ளார். வடசொல்லாயின் அது தனக்குரிய எழுத்தை விட்டு நீங்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பது அந்நெறியின் கருத்தாகும். வருவதைத் தடுக்கவும் இல்லை. வந்ததை வந்தபடியே ஏற்கவும் இல்லை. இந்நெறி வழியாகவே கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் முதலிய இலக்கிய வகைகளும் பிற்காலத்தில் தமிழுக்கு உரியவையாயின.

சொல்லுக்கும் இலக்கிய வகைக்கும் பொருந்திய இந்நெறி இசைக்கும் பொருந்துமா என்னும் வினாவை முன்வைத்து, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய ராக் அண்ட் ரோல் இசையின் வரலாற்றையும், அது தமிழ்த் திரையிசையை வந்தடைந்த வழியையும் இக்கட்டுரையில் நாம் காண்போம். அவ்வருகையில் பெரும்பங்கு கொண்ட இசையமைப்பாளர் இருவர் நம் திருச்சிராப்பள்ளி மண்ணினர் என்பது நம் கவனத்திற்குரியது.

பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் 'ராக்', 'ரோல்' என்னும் இரு சொற்களும் ஆடுதல், உருளுதல் என்னும் பொருளன. கடலலையில் கப்பல் அசைவதைக் குறிக்க மாலுமிகள் இவற்றை இணைத்து வழங்கினர். பின்னர் அமெரிக்கக் கருப்பின மக்களின் தேவாலயங்களில் பக்திப் பரவசத்தால் உடல் அசைவதை இச்சொற்கள் குறித்தன. அதன்பின் நடனத்தையும் காதலையும் குறிக்கும் வழக்குச் சொற்களாயின. 1922ஆம் ஆண்டிலேயே டிரிக்ஸி ஸ்மித் என்னும் பாடகியின் இசைத்தட்டுப் பெயர் ஒன்றில் இவ்விரு சொற்களும் இடம்பெற்றுள்ளன.

1951இல் கிளீவ்லாந்து நகர வானொலியில் ஆலன் ஃப்ரீட் என்னும் அறிவிப்பாளர் கருப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளை ஒலிபரப்பி, அவ்விசையை இப்பெயரால் பரப்பினார். எனவே அவர் இப்பெயரைப் பரப்பியவரே அன்றிப் படைத்தவர் அல்லர். பெயர் பரவுமுன்பே இசை இருந்தது. இசை பிறக்குமுன்பே அதன் வேர்கள் இருந்தன.

வேர்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் பருத்தி வயல்களில் பாடிய உழைப்புப் பாடல்களே இவ்விசையின் ஆணிவேர். ஒருவர் முன்னே பாட ஏனையோர் விடை கூறுவது போலப் பின்பாடுவது அப்பாடல்களின் அமைப்பு. நம் நடவுப் பாட்டையும் கும்மியையும் கேட்டறிந்தவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் வறுமையும் இன ஒதுக்கலும் ஒழியவில்லை. அத்துயரத்தின் தனிமனிதக் குரலாகப் 'ப்ளூஸ்' பிறந்தது. அதே மக்களின் வழிபாட்டிலிருந்து 'காஸ்பெல்' வளர்ந்தது.

அடிமைகளாக்கப்பட்டோருள் மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான உமர் இப்னு சயீத் 1831இல் வட கரோலினாவில் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். ஒரே உயிரொலியைப் பல சுரங்களில் நீட்டி அசைக்கும் ப்ளூஸ் பாடுமுறையில் சாஹேல் பகுதியின் இஸ்லாமியப் பண்பாட்டுச் சாயல் உண்டு என்று கெர்ஹார்ட் குபிக், சில்வியான் தியூஃப் ஆகிய ஆய்வாளர்கள் கருதுவர். இது வாதத்திற்குரிய கருத்தே எனினும், இவ்விசையின் வேர் எத்துணைத் தொலைவு ஓடுகிறது என்பதை நமக்கு உணர்த்துகிறது.

இவற்றோடு வெள்ளையின உழைப்பாளிகளின் 'கன்ட்ரி' என்னும் நாட்டுப்புற இசையும் கலந்தது. ஆகவே ராக் அண்ட் ரோல் ஒற்றை ஊற்றன்று. பல ஓடைகள் கூடிய ஆறு எனலாம். ஆயினும் அவ்வாற்றின் பெருநீர் கருப்பின மக்களிடமிருந்தே வந்தது.

இசை அமைப்பு

தொடக்கக் கால ராக் அண்ட் ரோல் பாடல்களுட் பல, பன்னிரண்டு தாளக் கட்டங்களால் ஆகிய ப்ளூஸ் அமைப்பைப் பின்பற்றுவன. ஒவ்வொரு கட்டமும் நான்கு எண்ணிக்கை உடையது. நம் வழக்கில் முதல் எண்ணிக்கையில் தட்டு விழுவது இயல்பு. இங்கோ இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் முரசு அழுத்தமாக ஒலிக்கும். கேட்பவரின் காலை அசையச் செய்வது இவ்வழுத்தமே.

சுர நிலையிலும் ஒரு தனித்தன்மை உண்டு. ப்ளூஸ் பாடகர் காந்தாரத்தைப் பாடும்போது, அது சாதாரண காந்தாரமாகவும் அமையாது, அந்தர காந்தாரமாகவும் அமையாது, இரண்டிற்கும் இடையே ஊசலாடும். பியானோவின் கட்டைகளுள் அடங்காத இந்நுண்சுரம், கமகம் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அயலானதன்று.

பரவலும் புகழும்

மின்கிட்டாரை ஏந்திக் காஸ்பெல் பாடிய சிஸ்டர் ரோசெட்டா தார்ப், 1944இல் பதிவு செய்த பாடலிலேயே பின்னர் வரவிருந்த இசையின் வடிவத்தைக் காட்டினார். அக்காலத்தில் கருப்பினத்தாரின் இசைத்தட்டுகள் 'இனத் தட்டுகள்' என்று தனியே பிரித்து விற்கப்பட்டன. 1949இல் 'பில்போர்டு' இதழ் அப்பெயரை நீக்கி 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது. அவ்வாண்டே நிமிடத்திற்கு 45 சுற்றுச் சுழலும் சிறு இசைத்தட்டு விற்பனைக்கு வந்து, இளைஞர் கைக்கெட்டும் விலையில் பாடல்களைக் கொண்டு சேர்த்தது.

1951இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐக் டர்னர் குழுவினர் பதிவு செய்த 'ராக்கெட் 88' என்னும் பாடலை இவ்விசையின் முதற்பாடல் எனக் கொள்வாரும் உளர். 1954இல் அதே கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் வெற்றிப் பாடலைப் பதிவு செய்தார். 1955இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' என்னும் திரைப்படத்தில் இடம்பெற்ற பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் தி கிளாக்' உலகெங்கும் பரவியது. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ ஆகியோரும் அக்காலத்தே புகழ்பெற்றனர்.

விதைத்தவரும் அறுத்தவரும்

இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எல்விஸின் முதல் வெற்றிப் பாடலான 'தட்ஸ் ஆல் ரைட்', ஆர்தர் கிரடப் என்னும் கருப்பினக் கலைஞர் 1946இல் பாடியது. அப்பாடலுக்குரிய உரிமைத் தொகை முறையாகக் கைக்கு வராமலேயே அவர் 1974இல் மறைந்தார். எல்விஸ் 1956இல் பாடிப் பெரும்புகழ் பெற்ற 'ஹவுண்ட் டாக்' பாடலை அவருக்கு முன்பே வில்லி மே தார்ன்டன் பாடியிருந்தார். அதனால் தமக்குக் கிடைத்தது 500 டாலர் மட்டுமே என்று அவ்வம்மையார் பின்னாளில் கூறினார். சக் பெர்ரி 1955இல் இயற்றிப் பாடிய 'மேபெலின்' பாடலின் ஆசிரியர் வரிசையில் ஆலன் ஃப்ரீடின் பெயரும் சேர்க்கப்பட்டது. வானொலியில் ஒலிக்கச் செய்ததற்குக் கொடுக்கப்பட்ட விலை அது. அப்பாடலின் முழு உரிமை பெர்ரிக்கு மீள 1986 வரை ஆயிற்று. 1973இல் மறைந்த ரோசெட்டா தார்ப்புக்கு ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது 2018ஆம் ஆண்டில்தான்.

இதற்கு எல்விஸைத் தனியே குறைகூறுதல் பொருந்தாது. தாம் பாடுவதைக் கருப்பினத்தார் நெடுங்காலமாகப் பாடி வருகின்றனர் என்று 1956இலேயே அவர் வெளிப்படையாகக் கூறினார். குறை, ஒரே பாடலைப் பாடுபவரின் நிறம் பார்த்து விலை வைத்த வணிகத்தின்பாற்பட்டது.

தமிழகத்திற்கு வந்த வழி

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஆயினும் புதிய மெல்லிசை நம் வீடுகளுக்கு வந்தது பெரிதும் கடல் கடந்த வானொலி வழியாகவே ஆகும். 1952இல் மத்திய ஒலிபரப்புத்துறை அமைச்சர் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் காலத்தில், மரபிசையைக் காக்கும் நோக்கில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் விலக்கப்பட்டன. கேட்போர் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். தடுக்கப்பட்ட நீர் வேறு மடை தேடியது போன்றதே இது. 1957ஆம் ஆண்டு அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பெற்றது இதன் விளைவே எனலாம்.

ஆங்கிலப் படங்களும் இசைத்தட்டுகளும் பிற வாயில்களாயின. மேனாட்டுக் கருவிகளில் தேர்ந்த கோவா நாட்டுக் கிறித்தவரும் ஆங்கிலோ இந்தியரும் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்தனர். சி. ராம்சந்திரா 1957இல் 'ஆஷா' என்னும் இந்திப் படத்தில் ராக் அண்ட் ரோல் சாயலில் பாடல் அமைத்தார். தமிழில் தூத்துக்குடியில் பிறந்து இலங்கையில் வளர்ந்த ஜே.பி. சந்திரபாபு, அமெரிக்கக் கன்ட்ரி இசையிலும் பயின்ற 'யோடலிங்' என்னும் குரல் வித்தையை முன்னரே பாடிக் காட்டியிருந்தார்.

பிச்சாண்டார்கோவில் இராமநாதன்

நம் புத்தூரிலிருந்து வடக்கே சென்று காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்தால் உத்தமர் கோவில் விளங்கும் பிச்சாண்டார்கோவிலை அடையலாம். அவ்வூரில் 1910இல் பிறந்தவர் ஜி. இராமநாதன். கதாகாலட்சேபம் நிகழ்த்திய தமையனார் சுந்தர பாகவதரோடு ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். தியாகராஜ பாகவதரின் படங்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற இவர், கருநாடக இராகங்களைத் திரையில் ஆண்ட பெருமகன்.

அவர் கையாண்ட ஆர்மோனியமே ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி என்பதை நாம் மறத்தலாகாது. அது நம் இசைக்கு ஒவ்வாதது என்று 1940இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. அத்தடை 1971 வரை நீடித்தது. வானொலியில் தடைபட்ட கருவியைக் கொண்டே இராமநாதன் நாடெங்கும் பாடிய மெட்டுகளை உருவாக்கினார்.

1958இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' படத்தில் 'யாரடி நீ மோகினி' என்னும் பாடலை அவர் ராக் அண்ட் ரோல் துள்ளலோடு அமைத்தார். அரசர் காலக் கதையில், அரண்மனைக் கேளிக்கைக் கூடத்தில், சிவாஜி கணேசன் அத்தாளத்திற்கு ஆடினார். காலத்தோடு முரண்படினும் மக்கள் அதனைக் கொண்டாடினர். இங்கு ஒன்று நோக்கத்தக்கது. அப்படத்தில் இரட்டையராகிய இளவரசர் இருவர். அவருள் இப்பாடலுக்கு ஆடுபவன் நல்லவனாகிய பார்த்திபன் அல்லன். மதுவிலும் கேளிக்கையிலும் ஆழ்ந்த விக்கிரமனே. உழைப்பாளியின் துயரில் பிறந்த இசை, இங்கு வந்திறங்கியபோது ஒழுக்கம் தவறியவனின் அடையாளமாயிற்று. அமெரிக்கப் போதகர் சிலர் இவ்விசையைத் தீயோனின் இசை என்று பழித்ததன் எதிரொலியே போலும் இது.

மலைக்கோட்டை மரபில் இராமமூர்த்தி

வயலின் வித்துவான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரனாக 1922இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் டி.கே. இராமமூர்த்தி. வயலினும் மேலைக் கருவியே. பாலுசுவாமி தீட்சிதர் முதலியோர் கைப்பட்டு, நம் இராகங்களுக்கேற்பச் சுருதி சேர்க்கப்பட்டு, தரையில் அமர்ந்து வாசிக்கும் முறை பெற்று, அது நம் கருவியாயிற்று. தொல்காப்பியர் சொல்லுக்குக் கூறிய நெறி கருவிக்கும் பொருந்திய இடம் இதுவாகும்.

எம்.எஸ். விசுவநாதனுடன் இணைந்து 1952 முதல் 1965 வரை இராமமூர்த்தி இசையமைத்தார். 1964இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் இவ்விரட்டையர் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்னும் பாடலை ராக் அண்ட் ரோல், ட்விஸ்ட் ஆகியவற்றின் சாயலில் அமைத்தனர். 'உத்தம புத்திரன்' படத்திற்கு உரையாடல் எழுதிய ஸ்ரீதரே இப்படத்தின் இயக்குநர். வேலையிழந்த இளைஞன், தன்னை நீக்கிய தோட்ட முதலாளியின் மாளிகை முன்னே தோழரோடு நின்று, தலைவன் பாடத் தோழர் பின்பாட, வேலை கேட்டு ஆடிப் பாடும் காட்சி அது.

நகைச்சுவைக் காட்சிதான். எனினும் ஆறே ஆண்டுகளில் நேர்ந்த இடமாற்றத்தைக் காண்க. கேளிக்கை இளவரசனின் வாயிலிருந்த இசை, வேலையற்ற இளைஞனின் வாய்க்கு வந்துவிட்டது. பருத்தி வயலில் ஒருவர் பாடப் பலர் விடை கூறிய அவ்வமைப்பு, முதலாளியின் வாயிலில் மீண்டும் ஒலித்தது. இதனைத் திட்டமிட்டு அமைத்தனர் என்று நாம் கூறவில்லை. உழைப்பவர் குரலாகப் பிறந்த இசை, இடம் வாய்த்தபோது தன் இயல்பைத் தானே காட்டியது என்பதே நம் கருத்து.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, பிறநாட்டு இசை வந்ததனால் நம் இசை அழிந்துவிடவில்லை. ஆர்மோனியமும் வயலினும் போலவே, தன் எழுத்தை மாற்றிக்கொண்டு வந்த தாளமும் தமிழாயிற்று. அவ்வாறு மாற்றிய கைகள் மரபில் ஊறிய கைகள். மரபு அறிந்தவர்க்கே புதுமையை ஏற்கும் துணிவும் வாய்க்கிறது.

இரண்டாவது, ஏற்பதனால் மட்டும் கடமை முடிவதில்லை. ராக் அண்ட் ரோலை 'மேனாட்டுக் கூச்சல்' என்று ஒதுக்குவோரும், எல்விஸோடு தொடங்கியது என்று புகழ்வோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். ஆர்தர் கிரடப்பையும் வில்லி மே தார்ன்டனையும் இருவருமே மறக்கின்றனர். நம் திரையிசையிலும் முகம் தெரிந்த பாடகர் ஒருவர்க்குப் பின்னே பெயர் தெரியாத கருவிக் கலைஞர் பலர் உளர். 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒரு பாடலின் ஒலிப்பதிவுக் கூடத்தையும் அங்கு வாசிக்கும் குழுவினரையும் திரையில் காட்டினர். அவ்வாறு காட்டியது இன்றளவும் நினைவுகூரப்படுவதே, அது எத்துணை அரிய நிகழ்வு என்பதைக் காட்டும்.

வந்த கலையை வரவேற்பது நம் பண்பு. அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டறிந்து, அவர் பெயரைச் சொல்லி வரவேற்பதே நிறைவான பண்பு. நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டும் மாணவர்கள், பாடலை எழுதுமுன் பாடியவரின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொள்வார்களாயின், அதுவே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடத்தின் பயனாகும்.