அமெரிக்க அதிபரால் முடியாதவை

நம்பிக்கை: அதிபர் கையெழுத்துப் போட்டால் அது சட்டம்.

தடித்த பேனாவால் ஒரு கையெழுத்து, பிறகு அந்தக் காகிதத்தைக் கேமராக்களுக்குத் தூக்கிக் காட்டுவது. இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே நமக்கு அப்படித் தோன்றிவிட்டது. அவர் அப்படிக் காட்டுவது பெரும்பாலும் நிர்வாக உத்தரவு. ஏற்கெனவே இருக்கும் சட்டங்களுக்கு உட்பட்டு, தனக்குக் கீழுள்ள துறைகள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அடுத்து வருகிறவர் பதவியேற்ற அன்றே அதை ரத்து செய்யலாம். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் ஒபாமா நாட்டைச் சேர்த்தார், டிரம்ப் விலக்கினார், பைடன் மறுபடி சேர்த்தார், திரும்பி வந்த டிரம்ப் மறுபடி விலக்கினார். வல்லரசு ஆடிய உள்ளே வெளியே ஆட்டம்!

சட்டம் இயற்றும் வேலை, செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட காங்கிரஸுடையது. 1787இல் எழுதிய அரசமைப்பின் முதல் பிரிவே அந்த அவைகளைப் பற்றியது; அதிபர் இரண்டாம் பிரிவில்தான் வருகிறார். கஜானா சாவியும் காங்கிரஸிடம்தான். மெக்ஸிகோ எல்லைச் சுவருக்கு டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார், காங்கிரஸ் மறுத்தது. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அரசின் ஒரு பகுதி முடங்கி, சுமார் 8 லட்சம் ஊழியர்கள் சம்பளமில்லாமல் இருந்தார்கள். கேட்ட தொகை கிடைக்காமலேயே முடக்கம் முடிந்தது. பிறகு அவர் அவசரநிலை அறிவித்து ராணுவ நிதியைத் திருப்பிவிட்டார் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சந்தும் 1976இல் காங்கிரஸே சட்டம் போட்டுத் திறந்துவைத்ததுதான்.

நம்பிக்கை: இரு அவைகளிலும் சொந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் அதிபருக்குக் கவலையில்லை.

இந்திய அரசியலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது இயல்பாகத் தோன்றும். இங்கே கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி. அமெரிக்காவில் அந்தச் சட்டமே கிடையாது.

2017 ஜூலை 28, அதிகாலை ஒன்றரை மணி. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்திருந்தது. வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில். செனட்டில் மட்டும் 52 பேர். சமநிலை வந்தால் வாக்களிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸும் தயாராக இருந்தார். அந்த 52 பேரில் ஒருவரான ஜான் மெக்கெய்ன் உள்ளே வந்தார். மூளையில் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்களே ஆகியிருந்தன. இடது கண்ணுக்கு மேல் அறுவைச் சிகிச்சைத் தழும்பு. கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தார். அவருக்கு முன்பே சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி என்ற இரு பெண் உறுப்பினர்கள் கட்சிக்கு எதிராக நின்றிருந்தார்கள். 49க்கு 51. மசோதா தோற்றது.

மூவர் பதவியும் போகவில்லை, ஆட்சியும் கவிழவில்லை. அதிபர் காங்கிரஸின் ஆதரவில் பதவியில் இருப்பவர் இல்லை. உறுப்பினர்களும் அவர் தயவில் இருப்பவர்கள் இல்லை. இதை ஒரு குறைபாடு என்று சொல்கிற அமெரிக்கர்கள் உண்டு. எனக்கு இது அந்த அமைப்பின் ஆகச்சிறந்த அம்சம்.

நம்பிக்கை: அதிபருக்கு அடுத்த அதிகாரம் துணை அதிபருக்கு.

துணை அதிபராகக் கமலா ஹாரிஸ் வென்றபோது திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள். அது அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர். ஆனால் அரசமைப்பு அவருக்குக் கொடுத்த நிரந்தர வேலை ஒன்றே ஒன்று: செனட்டுக்குத் தலைமை தாங்குவது, அதுவும் வாக்குகள் சரிசமமானால் மட்டும் ஒரு வாக்குப் போடுவது. மற்றதெல்லாம் அதிபர் கொடுத்தால் உண்டு. செனட் 50க்கு 50 என்று பிளந்து கிடந்ததால் அந்த ஒரு வாக்குக்கு மவுசு வந்தது. அவர் 33 முறை அப்படி வாக்களித்தார்; வேறெந்தத் துணை அதிபரும் அத்தனை முறை வாக்களித்ததில்லை.

நம்பிக்கை: நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியவரே அதிபர்.

2016இல் ஹிலாரி கிளின்டன் டிரம்பைவிடச் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார், தோற்றார். எண்ணிக்கை மாநிலவாரியாக நடக்கிறது. தேர்வாளர் குழுவில் மொத்தம் 538 இடங்கள், வெல்ல 270. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு முந்தினாலும் அந்த மாநிலத்தின் அத்தனை இடங்களும் ஒருவருக்கே. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் விலக்கு. கலிஃபோர்னியாவில் ஹிலாரி குவித்த உபரி வாக்குகள் அங்கேயே தேங்கிவிட்டன. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78,000 வாக்கு வித்தியாசம் முடிவைத் தீர்மானித்தது. 2000இல் இதேபோல அல் கோர் தோற்றது ஃபுளோரிடாவில், 537 வாக்குகளில். இந்த முறை நியாயமானதாக எனக்குப் படவில்லை. அதற்காக முடிவை மோசடி என்று சொல்ல முடியாது. ஆட்ட விதி இரு தரப்புக்கும் முன்பே தெரியும்.

நம்பிக்கை: இம்பீச்மென்ட் ஆனால் பதவி போய்விடும்.

போகாது. பிரதிநிதிகள் சபை செய்வது குற்றச்சாட்டைச் சுமத்துவது மட்டுமே. விசாரித்து நீக்குவது செனட், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளின்டன், இரண்டு முறை டிரம்ப்: ஒருவரையும் செனட் தண்டிக்கவில்லை. 1868இல் ஜான்சன் தப்பியது ஒரே வாக்கில். நிக்சனோ, சபை வாக்களிக்கும் முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

நம்பிக்கை: மாநிலங்கள் வாஷிங்டனுக்குக் கட்டுப்பட்டவை.

அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். அதிபரால் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. மாநில அரசைக் கலைக்க நம்முடைய அரசமைப்பின் 356ஆம் பிரிவு போல எதுவும் இல்லை. தேர்தலை நடத்துவதும் மாநிலங்களே. வாஷிங்டனில் இருக்கும் மத்தியத் தேர்தல் ஆணையம் பிரசாரப் பணத்தைத்தான் கண்காணிக்கிறது, வாக்கு எண்ணுவதில்லை. 2021 ஜனவரி 2 அன்று, ஜார்ஜியாவில் 11,779 வாக்குகளில் தோற்றிருந்த டிரம்ப், அம்மாநிலத் தேர்தல் பொறுப்பாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச்சொன்னார். பதவியில் இருக்கும் அதிபர். எதிர்முனையில் இருந்தவரும் அதே கட்சிக்காரர். அவர் உங்கள் தகவல் தவறு என்று சொல்லி மறுத்துவிட்டார். அவரைப் பதவியிலிருந்து தூக்க அதிபருக்கு எந்த வழியும் இருக்கவில்லை. 2022இல் ஜார்ஜியா வாக்காளர்கள் அவரையே மறுபடியும் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.