பிலிப்பைன்ஸில் மூத்தோரை விளிக்கும் முறை

மணிலாவைச் சூழ்ந்த தகலோக் பிரதேசத்தில், தம்மினும் மூத்தவரை வெறும் பெயரிட்டு அழைத்தல் மரியாதைக் குறைவெனக் கருதப்படுமாதலால், அண்ணன் ஸ்தானத்தில் உள்ளவரைக் 'கூயா' என்றும், அக்காள் ஸ்தானத்தினரை 'ஆத்தெ' என்றும் பெயருக்கு முன் சேர்த்து விளிப்பது உசிதம். கடைக்காரர், வண்டியோட்டி முதலிய அந்நியர்க்கும் இது தாராளமாகச் செல்லும். இலோகோஸ் பக்கம் 'மனோங்', 'மனாங்' என்பார்கள். பாட்டனார் 'லோலோ', பாட்டியார் 'லோலா'.

பெரியோரிடம் பேசுகையில் 'போ' என்னும் மரியாதைச் சொல்லை இடையிடையே சேர்க்க வேண்டும். நம் காதுக்கு அது விரட்டுவதுபோல் ஒலிப்பினும் தயங்க வேண்டாம். 'ஆம்' என்பதற்கு 'ஓப்போ'. முதியவர் இருக்கும் வீட்டினுள் நுழைந்ததும், 'மானோ போ' என்று சொல்லி, அவர் நீட்டும் கரத்தைப் பற்றிச் சற்றே குனிந்து, அவரது புறங்கையை நம் நெற்றியில் மெல்ல ஒற்றிக்கொள்ள வேண்டுமேயன்றி, முத்தமிடலாகாது.