டீசல் வண்டி இழுக்கவில்லை: பழுது எங்கே?

சங்கத்தின் சரக்கு வண்டி சரிவர ஓடாவிட்டால் அதனால் வரும் நஷ்டம் வண்டியோடு நிற்பதில்லை. நூல் சிப்பம் தறிக்குக் காலத்தில் வந்து சேராது. நெய்த லுங்கியும் சேலையும் கிடங்கிலேயே தங்கும். பயிரிடுவோருக்கு உர மூட்டை பருவம் தப்பி வரும். பொதட்டூர்பேட்டை வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் சென்ற ஆண்டு இவற்றினும் பெரியதொரு நஷ்டம், அதாவது ஒரு மனிதனின் நற்பெயர் கெடும் நிலை, ஏற்படவிருந்தது. அச்சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. நடந்ததை மட்டும் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயன் தரும்.

அச்சங்கத்தின் பிக்கப் வண்டி ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழமையானது. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடிவந்த வண்டி, சில மாதங்களில் 8 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. பாரத்துடன் மேடேறும்போது கரும்புகை கக்கியது. காலையில் பலமுறை முயன்றாலன்றிக் கிளம்பவில்லை. நிர்வாகக் குழுவில் இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்தன. யந்திரம் தேய்ந்துவிட்டது, முழுவதும் பிரித்து ரீபோர் செய்யவேண்டும் என்றனர் சிலர். அதற்கு 85,000 ரூபாய் மதிப்பீடும் வாங்கி வைத்திருந்தனர். ஓட்டுநர் டீசலை எடுத்து விற்கிறார் என்றனர் மற்றையோர். அவரிடம் விளக்கம் கேட்கும் அறிவிப்பும் தட்டெழுத்தாகித் தயாராக இருந்தது. ஆய்வுக்காக நான் அங்குச் சென்றது அந்த வாரத்தில்தான்.

நான் வணிகவியல் படித்தவன், ஸ்பானர் பிடித்தவனல்லன். ஆயினும் வண்டியின் ஓட்டப் பதிவேட்டைப் படிப்பது என் தொழிலுக்கு உட்பட்டதே. ஓட்டுநர் ஒவ்வொரு பயணத்துக்கும் பாரம், தூரம், போட்ட டீசல் மூன்றையும் ஒழுங்காக எழுதியிருந்தார். அவற்றைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தபோது ஒன்று புலனாயிற்று. வெறும் வண்டியாகச் சென்ற பயணங்களில் குறைவு சொற்பம். பாரம் ஏற்றிய பயணங்களில் மிகுதி. திருடுகிறவன் பாரம் பார்த்துத் திருடுவதில்லை. மேலும் களவு போன டீசல் வண்டியின் குழாய் வழியே கரும்புகையாக வெளிவராது! ஆகவே அறிவிப்பை ஒரு வாரம் நிறுத்தி வைக்கும்படி காரியதரிசியைக் கேட்டுக்கொண்டேன். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்களைப் பழுதுபார்த்துப் பழகிய முதியவர் ஒருவரை வரவழைத்தோம். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே அழைப்பர்.

அவர் செய்ததை விளங்கிக்கொள்ள, டீசல் யந்திரம் இயங்கும் விதத்தைச் சிறிது அறியவேண்டும். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய யந்திரத்தின் தத்துவமே இன்றும் நம் வண்டியில் இருக்கிறது. பெட்ரோல் யந்திரத்தில் உள்ளதுபோல் தீப்பொறி தரும் பிளக் இதில் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்நெருக்கத்தினாலேயே காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அவ்வேளையில் நாசில் டீசலைப் புகைபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. எனவே காற்று, டீசல், நெருக்கம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தால்தான் யந்திரம் தளரும். மூன்றில் நெருக்கத்தைச் சரிசெய்வதே அதிகச் செலவு பிடிப்பது. நம்மவர் பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இம்மூன்றில் எது குறைந்தது என்று முதலில் சாட்சி சொல்வது புகை. கரும்புகை, டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை அல்லது டீசல் மிகையாகவோ திவலைகளாகவோ விழுகிறது என்பதன் அறிகுறி. வெண்புகை, டீசல் எரியாமலே வெளியேறுவதைக் காட்டும். யந்திரம் சூடேறிய பின்னும் நீடித்தால் பம்பின் காலம் பிந்தியிருக்கலாம், நெருக்கம் குறைந்திருக்கலாம், குளிர்விக்கும் நீர் உள்ளே கசியவும் கூடும். நீலப்புகையானால் யந்திர எண்ணெய் எரிகிறது. அப்போது பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிப்பது நியாயம். நம் வண்டியில் நீலப்புகை துளியும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து யந்திரத்தை ஓட்டியபோது அவ்வழியே ஆவி பலமாகப் பீறிடவும் இல்லை. "ரிங்கு நன்றாகவே இருக்கிறது, தம்பி" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு மேஸ்திரி காற்றின் வழியைத் தேடலானார்.

ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர் காற்று தேவை. வெறும் வண்டி மெல்ல ஓடும்போது டீசல் குறைவாக விழுவதால் அரைகுறைக் காற்றே போதும். பாரத்தோடு மேடேறும்போதுதான் மூச்சு முட்டும். ஏர் பில்டரை வாரந்தோறும் தட்டிச் சுத்தம் செய்ததாகப் பதிவேட்டில் கண்டிருந்தது. திறந்து பார்க்க, அது உண்மையாகவும் இருந்தது. அதனால்தான் எவரும் அப்பக்கம் சந்தேகிக்கவில்லை. ஆனால் பில்டருக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயின் வாய் வண்டியின் முகப்புக்குள் மறைந்திருக்கிறது. மேஸ்திரி அதைக் கழற்றி எடுத்தார். வாயின் கம்பிவலை மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல் ஒன்று ஒட்டியிருந்தது. பஞ்சுத் தூசி! வண்டி நாள்தோறும் நின்றது விசைத்தறிக் கூடத்தின் ஜன்னலோரத்தில். அங்கிருந்து பறந்த பஞ்சிழையும் சாலைப் புழுதியும் ஈரத்தில் படிந்து இறுகிவிட்டன. தறிகள் நெய்ததோடு வண்டியும் தனக்கென ஒரு துணி நெய்துகொண்டிருந்தது என்று காரியதரிசி சிரித்தார். அதை உரித்தெறிந்து, பாரத்தோடு மேடேற்றியபோது கரும்புகை நின்றுவிட்டது.

காலையில் கிளம்பாமை மட்டும் மாறவில்லை. இது வேறொரு பழுது. ஒரே வண்டியில் இரண்டு பழுதுகள் சேர்ந்தால் ஒன்றின் அடையாளத்தை மற்றதன்மேல் ஏற்றிக் குழம்புவது இயல்பு. கிளம்பிய பின் நாள் முழுதும் சீராக ஓடுகிறது; இரவு நின்றால்தான் தொல்லை. டாங்கிக்கும் டீசலை உறிஞ்சும் சிறு பம்புக்கும் இடையே எங்கேனும் காற்று புகுந்தால் இப்படி நேரும். அக்காற்றினால் குழாயில் நிற்கும் டீசல் இரவில் டாங்கிக்கே திரும்பிவிடும். அப்பகுதி உறிஞ்சும் பகுதியாதலின், யந்திரம் ஓடும்போது துளை வழியே டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே நுழையும். வெளியே ஈரம் இல்லை என்பதற்காகக் குழாய் நல்லது என்று எண்ணுவது தவறு. மேஸ்திரி குழாயின் நடுவே ஒரு சாண் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இணைத்தார். யந்திரம் ஓடுகையில் குமிழிகள் வரிசையாகப் போவதை எல்லோரும் கண்டோம். வெடித்த ரப்பர்க் குழாயையும் செப்பு வாஷரையும் மாற்றினார். டீசல் பில்டரின் அடியில் தேங்கிய நீரை வடித்தார். பின்பு பில்டர் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்தி, குமிழி அற்ற டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தி, திருகை இறுக்கினார். மறுநாள் காலை முதல் முயற்சியிலேயே யந்திரம் பேசியது.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் யந்திரம் குலுங்குமாயின் நாசில்களைக் கழற்றிச் சோதனை மேடையில் தூவல் பார்க்கலாம். டேப்பட் இடைவெளி அளக்கலாம். கம்ப்ரஷன் கருவி வைத்து நெருக்கத்தை அளப்பது அதன் பின்னரே. ரீபோர் அளவு கண்டபின் பேசவேண்டிய பேச்சு. ஒன்றைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். பம்பின் முத்திரையிட்ட திருகை மட்டும் எவரும் தொடலாகாது. இழுவைக்காக அதைத் திருப்பிவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இழுவை சிறிது கூடும், டீசலும் புகையும் அதனினும் கூடும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மேற்கூறியவை பழைய பம்பு வண்டிகளுக்கே பொருந்தும். மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய காமன் ரயில் வண்டிகளில் குழாயின் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்படும். யந்திரம் ஓடும்போது அதன் குழாயைத் தளர்த்தினால் பாயும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறிவிடும். ஊசி குத்தினாற்போலவே தோன்றும். எனினும் உடனே மருத்துவமனை செல்லவேண்டிய காயம் அது. பழைய வண்டியிலும் நாசிலின் தூவலுக்கெதிரே கையை நீட்டக்கூடாது.

குழாய், வாஷர், புதிய பில்டர், மேஸ்திரியின் கூலி யாவும் சேர்ந்து 1,460 ரூபாய் ஆயிற்று. அறிவிப்பு கிழிக்கப்பட்டது. அப்படி ஒன்று தயாரானது ஓட்டுநருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று பிறகு அறிந்தேன். தெரிந்தும் பதிவேட்டை ஒருநாளும் விடாமல் எழுதி வந்திருக்கிறார். அடுத்த குழுக் கூட்டத்தில் தலைவர் அவரை அழைத்து வருத்தம் தெரிவித்து, அதை நடவடிக்கைப் புத்தகத்திலும் பதியச் செய்தார். வண்டி இப்போது தறிக்கூடத்தின் மறுபுறம் புளியமரத்தடியில் நிற்கிறது. புளியம்பூ உதிரும் மாதங்களில் அந்தக் குழாய் வாயை வாரம் இருமுறை பார்க்கவேண்டும் என்று மேஸ்திரி சொல்லிப் போயிருக்கிறார்.